ஸ்பிரிங்கை வெட்டி மாட்டித் தரமாட்டோம்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

கோத்தகிரி

தேயிலை விவசாயிகளுக்கும் இலை ஏஜெண்டுகளுக்கும் வணக்கம்.

தொங்கு தராசில் ஸ்பிரிங்கின் முனை அறுந்தால், "ஒரு சுற்றை வெட்டிவிட்டு வளைத்து மாட்டிக் கொடுங்கள், புதுசு எதற்கு?" என்று பலர் கேட்கிறீர்கள். எங்கள் கடையில் அதைச் செய்வதில்லை. ஏன் என்று சொல்லிவிடுகிறோம்.

10 கிலோவுக்கு எவ்வளவு இழுபடுகிறதோ, 20 கிலோவுக்கு அதில் இரண்டு மடங்கு இழுபட வேண்டும். ஸ்பிரிங் தராசுக்கு இந்தக் கணக்குதான் உயிர். ராபர்ட் ஹூக் 1678இல் வெளியிட்டது. பிள்ளைகளின் பாடப் புத்தகத்தில் ஹூக் விதி என்று இருக்கும். அந்த இழுப்பை எல்லாச் சுற்றுகளும் பங்குபோட்டுக்கொள்கின்றன. 20 சுற்றில் ஒன்றை வெட்டினால் மீதி 19 சுற்றின் இழுப்புதான் கிடைக்கும். 50 கிலோ மூட்டைக்கு முள் 47½இல் நின்றுவிடும். மூட்டைக்கு இரண்டரை கிலோ கொழுந்து, பறித்தவருக்குப் போச்சு! இத்தனைக்கும் முள்ளைத் திருகி ஜீரோவில் நிறுத்திவிடலாம் என்பதால், வெறும் தராசைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. முத்திரையுள்ள எடைக்கல்லை 20 கிலோவுக்கு ஒருமுறை, 40 கிலோவுக்கு ஒருமுறை தொங்கவிட்டுப் பாருங்கள். இரண்டிலும் சரியாக நின்றால்தான் அந்தத் தராசை நம்பலாம்.

துருப்பிடித்த ஸ்பிரிங் இதற்கு நேர்மாறு. நம் ஊர் பனிமூட்டத்தில் திறந்த கொட்டகையில் தராசு தொங்கினால் துரு நிச்சயம். கம்பியின் பருமன் 5 சதவீதம் தேய்ந்தாலே விறைப்பு 18 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிடும். எடை கூடுதலாகக் காட்டும், நட்டம் வாங்குகிறவருக்கு. லேசாக எண்ணெய் தடவி, உள்ளே வையுங்கள்.

இன்னொன்று. மூட்டையைக் கொக்கியில் மாட்டியதும் சட்டென்று கையை எடுக்காதீர்கள். அந்த நொடியில் ஸ்பிரிங் வழக்கமான இழுப்பைப்போல இரண்டு மடங்கு இறங்கும். 60 கிலோ மூட்டை, 100 கிலோ தராசை 120 கிலோவுக்கு இழுத்துவிடும். மீட்சி எல்லையைத் தாண்டிய கம்பி பழைய நீளத்துக்குத் திரும்பாது. மெதுவாக விட்டால் தராசும் பல காலம் உழைக்கும்.

கோயம்புத்தூரில் சரிபார்த்த தராசு மலைமேல் குறைவாகக் காட்டுமா என்று கேட்பவர்களுக்கு: காட்டும். ஆனால் 50 கிலோவுக்கு 25 கிராம்கூட வராது. அதை நினைத்துக் கவலைப்பட வேண்டாம்.

தராசைக் கொண்டுவந்தால் உங்கள் கண் முன்னாலேயே எடைக்கல் வைத்துப் பார்த்துச் சொல்கிறோம். அதற்குக் கட்டணம் இல்லை. ஸ்பிரிங் மாற்றியிருந்தால் மட்டும், தொழிலாளர் துறையில் மறுபடி முத்திரை வாங்கிய பிறகே இலை எடை போட எடுங்கள்.