கணக்கைக் கொடுப்பவருக்கும் எச்சரிக்கை தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையவழிப் பண மோசடி குறித்துத் தங்கள் நாளிதழ் வெளியிடும் செய்திகளில் பணத்தை இழந்தவர் யார், எவ்வளவு இழந்தார், எந்தப் பொய்யை நம்பி இழந்தார் என்பவை விரிவாக இடம்பெறுகின்றன. காவல்துறையின் துண்டறிக்கைகளும், வங்கிகள் அனுப்பும் குறுஞ்செய்திகளும், கல்லூரிகளில் நடக்கும் விழிப்புணர்வுக் கூட்டங்களும் ஏமாறக்கூடியவரை நோக்கியே பேசுகின்றன. ஓ.டி.பி.யைச் சொல்லாதீர்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள், காணொலி அழைப்பில் கைது செய்யும் அதிகாரம் எவருக்கும் இல்லை என்பவையெல்லாம் தேவையான அறிவுரைகளே. ஆனால், இழந்த பணம் எந்தக் கணக்கில் போய் விழுந்தது, அந்தக் கணக்கின் சொந்தக்காரர் யார் என்று விசாரித்துக்கொண்டே போனால், நம் மாவட்டங்களைப் போன்ற இடங்களில் படித்துக்கொண்டோ வேலை தேடிக்கொண்டோ இருக்கும் ஓர் இளைஞரின் வீட்டு வாசலில் போய் நிற்க நேர்கிறது. அவரை நோக்கி யாரும் முன்கூட்டி ஓர் எச்சரிக்கை சொன்னதாகத் தெரியவில்லை. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் வங்கிக் கிளைகளில் பணியாற்றி ஓய்வுபெற்றவன் என்ற முறையில் இதைப் பற்றி எழுத விரும்புகிறேன்.

மோசடிக்காரர் கம்போடியாவிலோ மியான்மரிலோ உட்கார்ந்துகொண்டு பேசலாம். பேசுவதற்கு ஓர் இணைய இணைப்பு போதும். பணத்தை வாங்குவதற்கு மட்டும் நம் நாட்டு வங்கிக் கணக்கு ஒன்று வேண்டும். அதைத் தன் பெயரில் வைத்திருந்தால் விரைவிலேயே அகப்பட்டுவிடுவார் என்பதால், பிறர் பெயரில் இருக்கும் கணக்குகளை வாடகைக்கோ விலைக்கோ எடுக்கிறார். கேட்டு வருபவர் முன்பின் தெரியாதவராக இருக்க வேண்டும் என்பதில்லை. கல்லூரியில் ஓராண்டு மூத்த மாணவராக இருக்கலாம். டெலிகிராம் குழுவில் பகுதிநேர வேலை தருவதாகச் சொன்னவராக இருக்கலாம். ஓசூர்த் தொழிற்பேட்டையில் வேலை வாங்கித் தருவதாகச் சொல்லி, ‘சம்பளக் கணக்கு’ தொடங்க வேண்டும் என்று அழைத்துச் செல்லும் இடைத்தரகராகவும் இருக்கலாம். பாஸ்புக், ஏ.டி.எம். அட்டை, காசோலைப் புத்தகம், இணைய வங்கிக் கடவுச்சொல் ஆகியவற்றோடு அந்தக் கணக்குடன் இணைந்த சிம் அட்டையையும் சேர்த்து வாங்கிக்கொள்கிறார்கள். சிம் அட்டை கைமாறிய பிறகு கணக்கின் சொந்தக்காரருக்கு ஒரு குறுஞ்செய்திகூட வராது. தன் பெயரில் எத்தனை லட்சம் வந்து போனது என்பது, காவல்துறை சொல்லித்தான் அவருக்கே தெரிய வரும். சில நேரங்களில், சேமிப்புக் கணக்கைவிடப் பெரிய தொகைகள் புழங்க இடமளிக்கும் நடப்புக் கணக்கு வேண்டும் என்பதற்காக, கடையே இல்லாத மாணவரின் பெயரில் சிறுதொழில் பதிவுச் சான்றிதழ் எடுத்து, அதைக் காட்டிக் கணக்குத் தொடங்கவைப்பதும் உண்டு.

இந்தக் கணக்குகள் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்குப் பணம் நகரும் முறையைப் பார்க்க வேண்டும். ஏமாந்தவர் அனுப்பிய தொகை முதல் கணக்கில் விழுந்த சில நிமிடங்களில் துண்டு துண்டாகப் பிரிக்கப்பட்டு, வேறு வேறு வங்கிகளில் உள்ள கணக்குகளுக்குப் போகிறது, அங்கிருந்து மறுபடியும் பிரிகிறது, கடைசியில் ஏ.டி.எம். வழியாக ரொக்கமாகவோ, காசோலை மூலமாகவோ, கிரிப்டோ நாணயமாகவோ வெளியேறிவிடுகிறது. இணையவழிப் பண மோசடிப் புகாருக்கான 1930 என்ற உதவி எண்ணை அழைத்துப் புகார் சொன்னால், அந்தத் தகவல் முதலில் பணம் போன வங்கிக்கும், பணம் அங்கே இல்லையென்றால் அது அடுத்துச் சென்ற வங்கிக்கும், அதற்கடுத்த வங்கிக்கும் என்று அதே வழியில் துரத்திச் செல்கிறது. மத்திய உள்துறை அமைச்சகம் 2021ஆம் ஆண்டு தொடங்கிய இந்த ஏற்பாடு நல்ல ஏற்பாடுதான். எந்தக் கணக்கில் பணம் இன்னும் மிச்சமிருக்கிறதோ அங்கே அதை நிறுத்திவைக்க முடிகிறது. ஆனால் இடையில் எத்தனை வாடகைக் கணக்குகள் இருக்கின்றனவோ அத்தனை மடங்கு துரத்தல் தாமதமாகிறது. கணக்கு கொடுப்பவர் இல்லையென்றால் பொய் எவ்வளவு சாமர்த்தியமானதாக இருந்தாலும் பணம் போய்ச் சேர இடமிருக்காது.

நம் மாவட்டங்களில் இந்த வலைக்கு எளிதில் அகப்படக்கூடியவர்கள் யார் என்று யோசித்தால், அரசின் உதவித்தொகை பெறும் மாணவர்களே முதலில் நினைவுக்கு வருகிறார்கள். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குச் செல்லும் மாணவிகளுக்கு மாதம் ரூ.1,000 வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024 ஆகஸ்டிலும் தொடங்கப்பட்டன. இவற்றின் பயனாகப் பென்னாகரம், பாலக்கோடு, அரூர், ஊத்தங்கரை, அஞ்செட்டி போன்ற பகுதிகளிலிருந்து வரும் முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலருக்கும் பதினெட்டு வயதிலேயே சொந்தப் பெயரில் வங்கிக் கணக்கு இருக்கிறது. இது பெருமைப்படத் தக்க விஷயம். கணக்கு என்பது பணத்தை வாங்கிக்கொள்ளும் வசதி மட்டுமல்ல, சட்டப் பொறுப்பும் கூட என்பதை அந்தப் பிள்ளைகளுக்கு யாரும் எடுத்துச் சொல்லாமல்தான் கையெழுத்து வாங்குகிறோம். ‘சும்மா கிடக்கிற அக்கவுண்ட்தானே, கொடுத்தால் கமிஷன் வரும்’ என்ற பேச்சு அங்கேதான் எடுபடுகிறது. அந்தக் கணக்கு முடக்கப்பட்டால் உதவித்தொகையும் அதிலேயே சிக்கிக்கொள்ளும். பிறகு வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்குவதும், கல்விக்கடன் பெறுவதும், காவல்துறைச் சரிபார்ப்பு கேட்கும் வேலைக்குச் செல்வதும் கடினமாகிவிடும்.

கமிஷன் வாங்கியவர்கள் பெரும்பாலும் சொல்லும் சமாதானம், ‘நான் யாரையும் ஏமாற்றவில்லையே’ என்பது. திருட்டு ஆட்டை ஓர் இரவு தன் பட்டியில் அடைத்துவைக்க இடம்கொடுத்துக் கூலி வாங்கியவர் இப்படிச் சொன்னால் நம் ஊரில் எவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். சட்டமும் ஒப்புக்கொள்ளவில்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318ஆம் பிரிவு மோசடி செய்து பணத்தைப் பெறுவதற்கு ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை விதிக்கிறது. தெரிந்தே அதற்கு உடந்தையாக இருந்தவரும் தப்பிவிட முடியாது. அதே சட்டத்தின் 111ஆம் பிரிவு, திட்டமிட்டுக் கூட்டாகச் செய்யும் குற்றங்களின் பட்டியலில் இணையக் குற்றங்களையும் சேர்த்திருக்கிறது. கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு தனியாக மூன்று ஆண்டுகள் வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் சொல்கிறது. பிறர் பெயரில் ஏமாற்றி சிம் அட்டை எடுப்பவர்களுக்கு 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் மூன்று ஆண்டுகள் வரை சிறை, ஐம்பது லட்சம் ரூபாய் வரை அபராதம் என்கிறது.

தண்டனை ஒருபுறம் இருக்கட்டும். அதற்கு முன்பாக வரும் அலைச்சலே ஒரு குடும்பத்தைச் சாய்த்துவிடப் போதுமானது. ஏமாந்தவர் குஜராத்திலோ தெலங்கானாவிலோ இருந்தால் வழக்கு அங்கேதான் பதிவாகும். விசாரணைக்கு நேரில் வரச் சொல்லும் அறிவிப்பு, வீட்டில் எவருக்கும் படிக்கத் தெரியாத மொழியில் வந்து சேரும். ரயில் கட்டணத்துக்கும் வழக்கறிஞருக்கும் சேர்த்து, வாங்கிய கமிஷனைப் போலப் பல மடங்கு செலவாகும். பெங்களூரில் கட்டட வேலை செய்து பிள்ளையைப் படிக்கவைக்கும் தந்தை அதை எங்கிருந்து புரட்டுவார்?

கணக்கு முடக்கப்பட்டவர்கள் எல்லோருமே கணக்கை வாடகைக்குக் கொடுத்தவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. ராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளி வாங்கி விற்பவர், மாம்பழக் காலத்தில் லோடு அனுப்புபவர், சாலையோரத்தில் கியூஆர் அட்டை வைத்து டீ விற்பவர் ஆகியோருக்கு, பொருளுக்கான விலையாக வந்த தொகை எங்கிருந்து வந்தது என்று பார்க்க வழியே கிடையாது. அப்படி வந்த சில ஆயிரம் ரூபாய்க்காக அவருடைய முழுக் கணக்கையும் முடக்கி, கூலி கொடுக்கவும் முடியாமல் செய்வது அநியாயம். சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்திவைத்தால் போதும் என்று சென்னை, கேரள உயர் நீதிமன்றங்கள் கூறியிருக்கின்றன. வங்கிகள் அதைப் பின்பற்ற வேண்டும். இத்தகைய வியாபாரிகள் விற்பனைச் சீட்டையும் வாகன ரசீதையும் தூக்கி எறியாமல் வைத்திருந்தால், வந்த பணம் சரக்குக்கானது என்று காட்டுவது எளிதாகும். அட்டையையும் சிம்மையும் சேர்த்துக் கொடுத்துவிட்டவரிடம் காட்டுவதற்கு அப்படி எதுவும் இருக்காது. இரு தரப்பினரையும் விசாரணை அதிகாரி பிரித்தறிய வேண்டிய இடம் இதுதான்.

நான் பணியாற்றிய துறையின் பங்கையும் சொல்லியாக வேண்டும். கணக்குத் தொடங்கும் முகாம்களில் மாலைக்குள் எத்தனை விண்ணப்பம் சேர்ந்தது என்பதே கேள்வியாக இருக்கிறது. விண்ணப்பத்தில் எழுதியிருக்கும் கைபேசி எண் விண்ணப்பதாரருடையதுதானா, அந்த எண் அங்கேயே ஒலிக்கிறதா என்று பார்க்க ஒரு நிமிடம் போதும்; அந்த ஒரு நிமிடத்தைச் செலவிட அன்று யாருக்கும் நேரம் இருப்பதில்லை. வாடகைக்குப் போகும் கணக்கின் முதல் அடையாளம், கணக்கில் உள்ள எண் வேறொருவர் கையில் இருப்பது. இரண்டாவது, மாதம் ஆயிரம் ரூபாய் மட்டுமே வந்துகொண்டிருந்த கணக்கில் திடீரென லட்சங்கள் வந்து அன்றே காலியாவது. இவ்வாறு பிறர் பணம் கடந்துபோகப் பயன்படும் கணக்குகளைக் கண்காணிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் வாடிக்கையாளர் அறிதல் விதிகளே கூறுகின்றன. அத்தகைய கணக்குகளைச் செயற்கை நுண்ணறிவால் கண்டுபிடிக்கும் மியூல்ஹன்டர் என்ற கருவியையும் 2024 டிசம்பரில் ரிசர்வ் வங்கி அறிவித்தது. கருவி வந்த பின்னும், முகாமில் அந்த ஒரு நிமிடத்துக்கு மாற்று கிடையாது என்பது என் கருத்து.

காவல்துறையைப் பொறுத்தவரை ஒரு சட்டச் சிக்கல் இருக்கிறது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 78ஆம் பிரிவின்படி, அச்சட்டத்தின் கீழ் வரும் குற்றங்களை ஆய்வாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியே விசாரிக்க முடியும். அதனால் சார் ஆய்வாளர் மட்டும் உள்ள கிராமத்துக் காவல் நிலையத்துக்குச் சென்றால், ‘மாவட்ட சைபர் கிரைமுக்குப் போங்கள்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். சித்தேரி மலையிலிருந்து தருமபுரிக்கும், அஞ்செட்டியிலிருந்து கிருஷ்ணகிரிக்கும் பேருந்து பிடித்து வந்து சேர்வதற்குள் பணம் எத்தனை கணக்கு தாண்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. விசாரிப்பதற்குத்தான் ஆய்வாளர் வேண்டும். வந்தவரை உட்காரவைத்து அங்கிருந்தே 1930க்கு அழைத்துப் புகாரைப் பதிவுசெய்து கொடுக்க எந்தக் காவலரும் போதும். இதை இரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர்களும் ஓர் உத்தரவாகவே பிறப்பிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஏற்கெனவே கணக்கைக் கொடுத்துவிட்டு இப்போது பயந்துகொண்டிருக்கும் இளைஞர்களும் இதைப் படிக்கக்கூடும். அவர்கள் செய்ய வேண்டியது ஒளிந்துகொள்வதல்ல. உடனே தன் வங்கிக் கிளைக்குச் சென்று, அட்டையையும் இணைய வங்கி வசதியையும் நிறுத்தச் சொல்லி எழுத்து மூலம் கடிதம் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்கிக்கொள்ள வேண்டும். சிம் அட்டை நிறுவனத்திடம் அந்த எண்ணைத் தடுக்கச் சொல்ல வேண்டும். தன் பெயரில் வேறு எத்தனை கைபேசி எண்கள் இருக்கின்றன என்பதை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் கட்டணமின்றிப் பார்த்து, தனக்குத் தெரியாதவற்றை அங்கேயே துண்டிக்கக் கேட்கலாம். பிறகு பெற்றோரோடும், இயன்றால் ஒரு வழக்கறிஞரோடும் காவல்துறையிடம் தானே போய், கணக்கைக் கேட்டு வாங்கியவர் யார் என்பதைச் சொல்வது நல்லது. வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். தாமதமாகும் ஒவ்வொரு நாளும் அந்தக் கணக்கின் வழியாக இன்னொருவர் பணம் போய்க்கொண்டிருக்கும் என்பதையும், அறிவிப்பு வந்த பிறகு சொல்லும் அதே உண்மைக்கு மதிப்புக் குறைவு என்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

தங்கள் நாளிதழும் இதில் உதவலாம். மோசடி வழக்கில் கைது நடந்த செய்தியை வெளியிடும்போது இழந்த தொகையோடு, அந்தக் கணக்கு எந்த ஆசை காட்டி, எந்த வகைத் தரகர் மூலம் பெறப்பட்டது என்பதையும் காவல்துறையிடம் கேட்டு எழுதினால், அடுத்து அதே பேச்சோடு வருபவரை வீட்டில் உள்ளவர்கள் அடையாளம் கண்டுகொள்வார்கள். கல்லூரி முதல்வர்களும், மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கியும் சேர்ந்து, ‘என் கணக்கையும் அட்டையையும் சிம்மையும் பிறருக்குக் கொடுத்தால் அதன் வழியாக நடக்கும் குற்றத்துக்கு நானும் பதில் சொல்ல வேண்டும்’ என்று எளிய தமிழில் ஒரு பக்கப் படிவம் தயாரித்து, உதவித்தொகைக்கான கணக்குத் தொடங்கும்போதே மாணவருக்கு வாசித்துக் காட்டிக் கையெழுத்துப் பெற வேண்டும். பெற்றோரில் ஒருவர் உடனிருந்தால் இன்னும் நல்லது. அடுத்த கல்வியாண்டின் சேர்க்கை தொடங்குவதற்குள் இரு மாவட்ட ஆட்சியர்களும் இதற்கு ஏற்பாடு செய்ய முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி அலுவலர் ஒருவர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.