எங்கள் ஊரில் ஏது நாற்கரச் சாலை?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நாங்குநேரி, வள்ளியூர் பக்கம் லாரி கவிழ்ந்தால் நம் நாளிதழில் ‘நாற்கரச் சாலையில் விபத்து’ என்று வருகிறது. பேருந்து ஊருக்குள் வராமல் வெளியே போய்விட்டாலும் ‘நாற்கரச் சாலையில் சென்றதால் பயணிகள் அவதி’ என்று வருகிறது. அவதி உண்மை. நாற்கரச் சாலைதான் இல்லை. எங்கள் ஊரை ஒட்டிப் போவது நான்குவழிச் சாலை. ரெண்டும் ஒன்றுதானே, இதற்கெல்லாம் ஒரு கடிதமா என்று தோன்றலாம். நில அளவைத் துறையில் சங்கிலி இழுத்தே தலை நரைத்தவன் நான். பக்கம் எது, மூலை எது என்பதில் கொஞ்சம் பிடிவாதம் இருக்கத்தான் செய்யும்.

நாற்கரம் என்றால் நான்கு பக்கங்களால் அடைபட்ட உருவம். கரம் என்றால் கை. கணக்கில் அது பக்கத்தைக் குறிக்கிறது. எதிரெதிர்க் கைகள் இணையாக இருந்தால் இணைகரம். 1999இல் வாஜ்பாய் பிரதமராக இருந்தபோது தொடங்கிய தங்க நாற்கரத் திட்டத்துக்கு அந்தப் பெயர் வந்ததும் இதனால்தான். டெல்லி, மும்பை, சென்னை, கொல்கத்தா ஆகிய நான்கும் மூலைகள். அவற்றை இணைக்கும் சாலைகள் பக்கங்கள். மொத்தம் 5,846 கி.மீ. கொல்கத்தாவிலிருந்து சென்னை வரை 1,684, சென்னையிலிருந்து மும்பை வரை 1,290. எந்தப் பக்கமும் எந்தப் பக்கத்துக்கும் சமமில்லை. சதுரமென்றோ செவ்வகமென்றோ சொல்ல வழியில்லாத உருவம் அது. நாற்கரம் என்று தமிழில் பெயர் வைத்தவர் யாரோ, விஷயம் தெரிந்தவர்.

அந்த நாற்கரத்தின் ஒரு பக்கம் கும்மிடிப்பூண்டி வழியாகச் சென்னைக்கு வருகிறது. இன்னொரு பக்கம் காஞ்சிபுரம், வேலூர், கிருஷ்ணகிரி, ஓசூர் என்று பெங்களூருக்குப் போகிறது. தமிழ்நாட்டில் அதற்கு அவ்வளவுதான் பாத்தியதை. எங்கள் ஊர்ச் சாலை ஸ்ரீநகரில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடியும் வடக்கு–தெற்கு வழித்தடத்தைச் சேர்ந்தது. முன்பு தேசிய நெடுஞ்சாலை 7, இப்போது 44. வரைபடத்தில் பார்த்தால் மேலிருந்து கீழே ஒரே இழுப்பு. அதற்கு மூலையும் கிடையாது, கரமும் கிடையாது.

குழப்பம் எப்படி வந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். தங்க நாற்கரச் சாலைகளை நான்கு வழியாக அகலப்படுத்தினார்கள். பெயரிலும் நாலு, சாலையிலும் நாலு. பார்த்தவர்கள் இந்த நாலுதான் அந்த நாலு என்று முடிவு கட்டிவிட்டார்கள். நான்கு வழியாகிற சாலையெல்லாம் நாற்கரமாகிவிட்டது. ஆனால் 2018இல் சென்னை–சேலம் சாலைத் திட்டம் வந்தபோது எல்லாப் பத்திரிகைகளும் ‘எட்டுவழிச் சாலை’ என்றே எழுதின. ‘எண்கரச் சாலை’ என்று ஒருவர்கூட எழுதவில்லை. ஆறு வழி வந்தால் ஆறுவழிச் சாலை. நாலுக்கு மட்டும் ஏன் கை முளைக்கிறது?

எங்கள் தெருவில் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தியிடம் ஒரு நாற்கரம் போட்டுக் காட்டச் சொன்னேன். நீளமாக நாலு கோடு இழுத்தாள், ஒன்றை ஒன்று தொடாமல். நடுவே அரளிச் செடிகள் வேறு. அவள் தினமும் கடக்கிற ‘நாற்கரம்’ அப்படித்தானே இருக்கிறது! இணைகோடுகளை எத்தனை இழுத்தாலும் அரை சென்ட் நிலத்தைக்கூட அடைக்க முடியாது என்று நான் சொன்னதற்கு, “பேப்பர்ல போட்டிருக்கே தாத்தா” என்றாள். அதற்குமேல் என்ன பேச?

சொல் பொருள் மாறுவது இயற்கை, இதுவும் மாறிவிட்டுப் போகட்டுமே என்று நண்பர் ஒருவர் வாதாடினார். தமிழாசிரியராக இருந்தவர். அவர் காட்டிய உதாரணம் ‘கோடு’. கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். தராசுக்கோல் போல நடுநின்று ‘ஒருபால் கோடாமை’ சான்றோர்க்கு அணி என்பது குறள். யானைத் தந்தமும் கோடு, மரக்கிளையும் கோடு. குறுந்தொகையில் ‘சிறுகோட்டுப் பெரும்பழம்’ தொங்குவது கிளையில்தான். இப்படி வளைவையே சொல்லிக்கொண்டிருந்த சொல்லை இன்று அடிமட்டத்தை வைத்து இழுக்கிற கீற்றுக்கும் சொல்கிறோம். அதன் பழைய பொருளை நினைத்து யாரும் தடுமாறுவதில்லை.

கோணத்திலும் இதே வேடிக்கை உண்டு. கோணல், கோணுதல் என்றால் நேராக இல்லாமை. செம்மை என்றால் நேர்மை. வளையாத கோல் செங்கோல், வளைந்தது கொடுங்கோல். செங்குத்து என்றால் நேர்நிற்பு. ஆக, செங்கோணம் என்ற சொல்லுக்குள் நேரும் கோணலும் சேர்ந்தே குடியிருக்கின்றன. ஆனால் மூலைமட்டம் வைத்துப் பார்க்கிற கொத்தனாருக்கு இதில் ஒரு சந்தேகமும் வராது. சுவர் மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறு பக்கம் 4 அடி அளந்து குறி வைப்பார். இரண்டு குறிக்கும் நடுவே 5 அடி இருந்தால் மூலை சரி. அதுதான் செங்கோணம்.

இதையெல்லாம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘கோடு’ மாற நூற்றாண்டுகள் ஆயின. கிளை என்ற பொருளில் அதை இன்று யாரும் பேசுவதில்லை. நாற்கரத்தின் கதை அப்படியல்ல. அதன் உண்மைப் பொருள் பள்ளிப் பாடநூலில் உயிரோடு இருக்கிறது. நாற்கரம், சரிவகம், இணைகரம் எல்லாம் வரையக் கற்றுக்கொடுக்கிறார்கள். காலையில் பத்திரிகையில் ஒரு நாற்கரம், பத்து மணிக்கு வகுப்பில் வேறொரு நாற்கரம் என்றால் பிள்ளைகள் எதை நம்புவார்கள்?

எங்கள் வேலையில் நாற்கரம் வெறும் பாடமல்ல. வயல் எப்படிக் கோணிக்கிடந்தாலும் மூலைக்கு மூலை மூலைவிட்டம் இழுப்போம். வரப்பு வளையும் இடங்களுக்கு அந்தக் கோட்டிலிருந்து செங்குத்தாக அளவு எடுப்போம். புலம் முக்கோணங்களாகவும் சரிவகங்களாகவும் பிரிந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் பரப்புப் போட்டுக் கூட்டினால் கணக்கு முடிந்தது. மூலைவிட்டம் இல்லாமல் நான்கு பக்க அளவை மட்டும் எழுதிக்கொண்டு வருகிற புதுப் பையன்களைத் திரும்ப அனுப்பியிருக்கிறேன். பக்க அளவு மாறாமலே ஒரு நாற்கரம் சாய்ந்து படுத்துக்கொள்ளும், பரப்பும் குறைந்துவிடும். அந்த அளவை நம்பிக் கிரயம் எழுதினால் வழக்கு கோர்ட்டில்தான் போய் நிற்கும்.

எழுதுவது எழுதிவிட்டேன், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். 90 பாகைக்குக் குறைந்ததை நாம் குறுங்கோணம் என்கிறோம், இலங்கைப் பாடநூல்களில் கூர்ங்கோணம் என்கிறார்கள். எனக்கு அவர்கள் சொல்தான் பிடிக்கிறது. ஏர் திரும்ப இடமில்லாமல் மண்வெட்டியால் கொத்த வேண்டிய வயல் மூலையைப் பார்த்தவர்களுக்கு, அது குறுகியது என்பதைவிடக் கூரானது என்பதுதான் முதலில் கண்ணில் படும். ஆனால் அதை மாற்றுவது பாடநூல் எழுதுகிறவர்கள் வேலை, உங்கள் வேலையல்ல.

உங்களால் ஆகக்கூடியது ஒன்றே ஒன்று. இனி டெல்லி–மும்பை–சென்னை–கொல்கத்தா சாலைக்கு மட்டும் நாற்கரம் என்று எழுதச் சொல்லுங்கள். தலைப்பில் ‘நான்குவழிச் சாலை’ அடங்காது என்று பக்கம் அமைப்பவர்கள் சொன்னால் ‘நால்வழிச் சாலை’ என்று போடலாம். எண்ணிப் பார்த்தேன். ‘நாற்கரச்’ ஐந்து எழுத்து, ‘நால்வழிச்’ அதுவும் ஐந்து எழுத்துதான்.

இப்படிக்கு,
இ. மு.,
ஓய்வுபெற்ற நில அளவர்,
வள்ளியூர், திருநெல்வேலி மாவட்டம்.