பணம் இறுகினால் ஆசிரியர் சம்பளத்தில் கை வைக்காதீர்கள்

தனியார் பள்ளிகளை நடத்தும் தாளாளர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும்,

வணக்கம். நான் ஒரு தனியார் பள்ளியின் முதல்வர். பள்ளியை நடத்துவது எவ்வளவு பாடு என்று எனக்கும் தெரியும். கட்டணம் தவணை தவணையாக, அதிலும் பாதி தாமதமாகத்தான் வருகிறது; சம்பளமோ விடுமுறை மாதத்திலும் கொடுத்தாக வேண்டும். செலவில் பெரும்பங்கு சம்பளம்தான் என்பதால், பணம் இறுகும்போது முதலில் கை வைப்பதும் அங்கேதான். அந்தக் கையை எடுங்கள் என்று கேட்கத்தான் இந்த மடல்.

கணக்கு ஆசிரியர் ஒருவர் நடு வருடத்தில் விலகினால், உங்கள் மேசைக்கு வரும் அறிக்கையில் ஒரு சம்பளம் மிச்சம் என்றுதான் தெரியும். வகுப்புக்கு வந்து பாருங்கள். நோட்டில் பின்னங்கள் பாடத்தின் பாதியிலேயே திருத்தின சிவப்பு மை நின்றிருக்கும், அப்புறம் சில வாரங்கள் யார் யாரோ தங்கள் ஓய்வுப் பிரிவேளையை விட்டுவிட்டு வந்து பிள்ளைகளைச் சத்தம் போடாமல் உட்கார வைத்திருப்பார்கள், அதனால் அவர்களுடைய சொந்த வகுப்பு நோட்டுகளும் திருத்தப்படாமல் குவிந்து கிடக்கும். நியூயார்க் நகரத்து நான்காம், ஐந்தாம் வகுப்புகளை வைத்து ரோன்ஃபெல்ட், லோப், வைக்காஃப் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்விலும் (அவை அரசுப் பள்ளிகள்தான், ஆனாலும்) ஆசிரியர்கள் அதிகம் மாறிய இடங்களில் மொழியிலும் கணக்கிலும் மதிப்பெண் குறைந்திருந்தது. விலகாமல் இருந்த ஆசிரியர்களின் மாணவர்களையும் அது பாதித்திருந்தது.

இன்னொன்று. முதல்வரைக் கேட்காமலே ஆசிரியரை எடுப்பதும் அனுப்புவதும் நடக்கிறது, தேர்ச்சி குறைந்தால் மட்டும் பதில் சொல்ல வேண்டியவர் முதல்வர். ஒரு பெற்றோர் நேரடியாக உங்களுக்குப் போன் செய்ய, நீங்களும் 'சரி, மாற்றிவிடுகிறேன்' என்று ஆசிரியரையே மாற்றிவிட்டால், மறுநாள் அந்த ஆசிரியரிடம் நான் என்ன சொல்வது? பெற்றோர் பக்கம் நியாயம் இருக்கலாம், பல நேரம் இருக்கவும் செய்கிறது. அவர்களை முதல்வரிடம் அனுப்புங்கள், விசாரிக்க விடுங்கள்.

அடுத்த பட்ஜெட் கூட்டத்தில் புதுக் கட்டடம், ஸ்மார்ட் போர்டு எல்லாவற்றுக்கும் முன்னால் சம்பள உயர்வை எடுத்துப் பேசுங்கள். இந்த வருடம் போனவர்கள் ஏன் போனார்கள் என்று முதல்வரையும் உட்கார வைத்து ஒவ்வொருவராகக் கேளுங்கள். கட்டணம் ஒழுங்காக வரும் மாதங்களிலேயே கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து, இரண்டு மூன்று மாதச் சம்பளத்துக்கான தொகையைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள், வேறு எதற்காகவும் அதைத் தொடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒரு தனியார் பள்ளி முதல்வர்