உப்பில்லாத கருவாடு

ஸ்வோல்வேர், நோர்வே
பங்குனி (மார்ச்) 19

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்து மூன்று கிழமை. பார்சல் அதற்கும் முந்தியே வந்துவிட்டது. தைப்பொங்கலுக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை என்று ஏசியிருக்கிறீர்கள், சரிதான். போனில் அம்மாவுக்குக் காது கேட்பதில்லை. நான் கத்தினால், "இவன் ஏன் கோபப்படுகிறான்?" என்று உங்களைக் கேட்கிறார். அதனால் எழுதுகிறேன், வாசித்துக் காட்டுங்கள்.

முதலில் குளிர். அம்மா பயப்படுகிற அளவுக்கு இல்லை. வடதுருவ வட்டத்துக்கும் மேலே இருக்கிறோம்தான், ஆனாலும் இங்கே கடல் உறைவதில்லை. தெற்கிலிருந்து ஒரு வெப்ப நீரோட்டம் இந்த இடம்வரை வருகிறது. நம் கன்னியா வெந்நீர்க் கிணற்றுத் தண்ணீரை யாரோ கடலுக்குள் திறந்துவிட்டிருக்கிறார்கள் என்று அம்மாவிடம் சொல்லுங்கள், விளங்கும். குளிரைவிடக் காற்றுத்தான் பொல்லாதது. அதைவிட இருட்டு. மார்கழி முதல் கிழமை போன சூரியன் தை பிறந்த பிறகுதான் தலை காட்டியது. அதற்கு வட்டியும் முதலுமாக வைகாசிக் கடைசியிலிருந்து ஆடி நடுப்பகுதிவரை மறையாமலே நிற்கும்.

இப்போது ஊரெல்லாம் கொட் மீன். தையில் பாரெண்ட்ஸ் கடலிலிருந்து முட்டையிட இங்கே இறங்கி வரும். குடலை எடுத்து, தலையை வெட்டி, இரண்டிரண்டாக வாலில் கட்டி, மரப் பரணில் தொங்கவிடுவதுதான் எங்கள் வேலை. அக்கா, உப்பே போடுவதில்லை! ஒரு கல் உப்புக்கூட இல்லை. வைகாசி, ஆனிவரை காற்றும் குளிருமே காயவைத்துவிடும். பிறகு அது விறகுக்கட்டை மாதிரி, சுவரில் தட்டினால் சத்தம் கேட்கும். நிலாவெளி உப்பளம் இல்லாமல் கருவாடா என்று அப்பா இருந்திருந்தால் சண்டைக்கே வந்திருப்பார். நல்ல கருவாடு அநேகமாக இத்தாலிக்குப் போகிறது. தலைகளையும் எறிவதில்லை, காயவைத்து நைஜீரியாவுக்கு அனுப்புகிறார்கள். பறவைகள் கொத்தாமல் பரணுக்கு வலை போர்த்தியிருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அந்த வலை நான்தானே, தடியும் கையுமாக.

இன்னொரு புதினம். அந்தத் தலைகளிலிருந்து நாக்கை வெட்டி எடுப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள். நட்டு வைத்த கம்பியில் தலையைக் குத்தி, ஒரே வெட்டு. அது அவர்களுடைய உரிமை, பெரியவர்கள் அந்தப் பக்கம் போவதில்லை. பத்து வயதுப் பொடியன் ஒருவன் என் ஒரு நாள் சம்பளத்தை ஒரு பின்னேரத்தில் உழைத்துவிடுகிறான். பகிடிக்குச் சொன்னேன், சம்பளம் எல்லாம் நல்லதுதான். இந்த மாதம் புயலில் படகுகள் கரைக்கு வராததால் இரண்டு கிழமை லீவு தந்தார்கள். நன்றாகப் படுத்துக் கிடந்தேன்.

கீழ் வீட்டுக் கிழவரைப் பற்றிப் போன முறை எழுதினேனா? ஒரு வருடமாக எனக்குத் தலையை மட்டும்தான் ஆட்டினவர். லீவுக் காலத்தில் ஒரு நாள் என் கதவுப் பிடியில் ஒரு பை, உள்ளே முழு மீன். நீங்கள் அனுப்பிய தூளும் பழப்புளியும் போட்டுக் குழம்பு வைத்து ஒரு சட்டி கொண்டுபோய்க் கொடுத்தேன். கொட் மீன் நம் புளிக்கு நின்றுபிடிக்காது, உதிர்ந்து சொதியாகிவிடும். கிழவர் வேர்க்க வேர்க்க, பாலைக் குடித்துக் குடித்துச் சாப்பிட்டார். அடுத்த நாள் சட்டி திரும்பி வந்தது. வெறும் சட்டி இல்லை. உள்ளே ஒரு போத்தல் மீன் எண்ணெய். பெயரில் 'ர்' வருகிற மாதமெல்லாம் தினம் ஒரு கரண்டி குடிக்க வேண்டுமாம். இவர்கள் கணக்கில் அது எட்டு மாதம். நம் மாதப் பெயர்கள் என்றால் புரட்டாதி, கார்த்திகை, மார்கழி, சித்திரை, நாலோடு தப்பியிருப்பேன்.

பால் டொபி மாதிரி இனிக்கிற சீஸைப் பாணில் வைத்துத் தின்கிறார்கள். அதற்கும் பழகிவிட்டேன்.

இந்த இடத்தை அம்மாவுக்கு வாசிக்க வேண்டாம். போன கிழமை பரண்களுக்குக் கீழே வரும்போது காற்று திரும்பியது. அதே மணம். திருக்கடலூர்க் கரையில் கருவாட்டுக்குப் பாய் விரித்த மாதிரி. கால் நின்றுவிட்டது. காகத்தைத்தான் தேடியிருக்கிறேன், அண்ணாந்து பார்த்தபடி, எவ்வளவு நேரம் என்று தெரியாது. சாமி நகர்வலம் நம் ஒழுங்கைக்கு வந்தபோது நிறைகுடம் வைத்து எனக்காகவும் ஒரு தேங்காய் உடைத்ததாக நீங்கள் எழுதியதை அன்றைக்குத்தான் முழுதாக வாசித்து முடித்தேன்.

சரி, இனி அலுவல். நிலாவெளி வளவை ஹோட்டல்காரருக்குக் கொடுக்கலாம் என்று சின்ன மாமா சொல்கிறாராம். வேண்டாம் அக்கா. காணி உறுதி அப்பாவின் றங்குப் பெட்டியில், அடித்தட்டில் இருக்கிறது. அதை உங்கள் அலுமாரிக்கு மாற்றுங்கள். மாமா கேட்டால் "தம்பி வரட்டும்" என்று மட்டும் சொல்லுங்கள், எப்போது என்று சொல்லாதீர்கள். மாமியோடு முகம் முறிக்கவும் வேண்டாம், தங்கச்சியின் சம்பந்தம் அவர் மூலம்தானே வந்தது. சாம்பல்தீவுப் பொடியன் குடிப்பானா என்று அத்தானை நேரில் விசாரிக்கச் சொல்லுங்கள்.

குசினிக் கூரைக் காசு வைகாசிக்குள் வரும். மழை கார்த்திகையில்தானே. இந்த மாதச் சீட்டை மட்டும் அத்தான் கட்டட்டும், இங்கே வங்கியில் ஏதோ சிக்கல், வேறொன்றும் இல்லை. கிணற்றடி வேலியை மட்டும் கெதியாய் அடையுங்கள். மான் புகுந்து செவ்வரத்தையைத் தின்கிறது என்று தங்கச்சி கல்லெடுக்கிறாளாம், எறிய விடாதீர்கள்.

அடுத்த பார்சலில் பழப்புளி கொஞ்சம் கூட வையுங்கள். கிழவர் சட்டியைக் கழுவி வைத்துக்கொண்டு காத்திருக்கிறார்.

உங்கள் அன்புத் தம்பி