பத்தாம் இடம் காணும், தம்பி

டண்டினோங்,
பெப்ரவரி 2026

அன்பு மகனுக்கு,

"இந்த வருசம் செயின்ட்ஸுக்கு மெம்பர்ஷிப் எடுக்கேல்லை அம்மா, காசைக் குடுத்துக் கவலையை வாங்கினது காணும்" எண்டு நீ அனுப்பின வொய்ஸ் மெசேஜை அப்பாவுக்கும் போட்டுக் காட்டினனான். "பொடியனுக்கு இப்பதான் புத்தி வந்திருக்கு" எண்டு சிரிச்சார். அவர் எப்பவும் கிரிக்கெட் கட்சி, எங்கட ஆஸ்திரேலிய ஃபுட்போல் கட்சி இல்லை, அவற்ற கதையை விடு. ஃபோனில கதைச்சால் நீ இடையில வெட்டிக்கொண்டே இருப்பாய். அதாலதான் எழுதுறன், முழுக்க வாசி.

உன்ர கோபத்தில பிழை சொல்ல ஏலாது. எங்கட செயின்ட்ஸ், அதுதான் செயின்ட் கில்டா, 1873ல தொடங்கின கழகம். இத்தனை வருசத்துக்கும் கிண்ணம் ஒண்டே ஒண்டு, 1966ல, அதுவும் கோலிங்வூட்டை ஒரு புள்ளியால வெண்டது. பட்டியலில ஆகக் கடைசியா வந்தது 27 தரம், வேற எந்தக் கழகத்துக்கும் அந்தப் பெருமை இல்லை. 2023ல ஆறாவதா வந்தம், ஃபைனல்ஸில முதல் கிழமையே வெளியால போனம். 2024ல பன்னிரண்டாம் இடம். போன வருசமும் பன்னிரண்டு, 23 ஆட்டத்தில 9 வெற்றி. இதுக்குப் பிறகும் ஒருத்தன் பொறுமையா இருந்தால் அவனைத்தான் டொக்டரிட்டக் காட்டவேணும்.

ஆனா இந்த முறை கழகமும் உன்னைப் போலத்தான் பொறுமை இழந்து நிக்குது. அதுதான் எனக்குப் பிடிச்சிருக்கு. வருசா வருசம் "இளம் பொடியள், இன்னும் ரெண்டு வருசம் பொறுங்கோ" எண்டு சொல்லிக்கொண்டிருந்தவை, போன ஒக்டோபரில கைப்பையைத் திறந்திட்டினம். கார்ல்டனில இருந்து டொம் டி கோனிங்கும் ஜாக் சில்வானியும், கோல்ட் கோஸ்டில இருந்து சாம் ஃபிளாண்டர்ஸ், வெஸ்ட் கோஸ்டில இருந்து லியம் ரையன். டி கோனிங் ரக்மன், அதாவது மையத்தில மேல எழும்புற பந்தைத் தன்ர பக்கத்து ஆளுக்குத் தட்டி விடுறவன். அவனுக்கு எட்டு வருச ஒப்பந்தம், வருசத்துக்கு 1.7 மில்லியன் டொலர் எண்டு பத்திரிகையள் எழுதினது. அப்பாவுக்கு அந்தத் தொகையை வாசிச்சுக் காட்ட, தேத்தண்ணிக் கோப்பையை மேசையில வைச்சிட்டு "பந்தைக் கையில தட்டி விடுறதுக்கோ?" எண்டு கேட்டார்.

சில்வானியின்ர கதைதான் எனக்கு நம்பேலாமல் கிடந்தது. அப்பப்பா செர்ஜியோ, தகப்பன் ஸ்டீவன், இப்ப இவன். மூண்டு தலைமுறையா ஒரே கோயிலில தேர் இழுத்த குடும்பம் மாதிரி, கார்ல்டன் எண்டால் சில்வானி. அந்த வீட்டுப் பிள்ளையே வெளிக்கிட்டு எங்களிட்ட வந்திருக்கிறான். முன்னம் எங்கட ஆக்கள்தான் வேற இடம் தேடிப் போறவை. டொனி லொக்கெட்டை நினைச்சுப் பார். எங்களுக்காக 898 கோல் அடிச்சவன், 1995ல சிட்னிக்குப் போய் அங்கதான் லீக்கின்ர சாதனையை முறிச்சவன். இப்பத்தான் முதல் தரமா எதிர்ப்பக்கமாக் காத்து அடிக்குது.

வந்தவங்களில எனக்கு ஆக விருப்பம் ரையன். வயசு முப்பது ஆகப்போகுது, அதால கன பேர் முகத்தைச் சுளிக்கினம். 2018 கிராண்ட் ஃபைனலை மறந்துபோனியோ? கடைசி நிமிசங்களில வெஸ்ட் கோஸ்டின்ர டொம் ஷீட் ஓரத்தில நிண்டு அடிச்ச அந்தக் கோல், அதுக்கு முன்னம் ஷீட்டுக்குப் பந்தைக் குடுத்தது இவன்தான். ஆக்களின்ர தோளுக்கு மேலால ஏறி மார்க் பிடிக்கிறவன், அதாவது அடிச்ச பந்தை நிலத்தில விழ முன்னம் பிடிக்கிறவன். எங்கட முன்வரிசையில பயமறியாத ஒருத்தன் இல்லாதது எவ்வளவு காலக் குறை.

இனி எங்கட ஆட்டக்காரன் நசாயா வாங்கனீன்-மிலேரா. நீ எவ்வளவு கோபத்தில இருந்தாலும் ஜூலை 27ஆம் திகதி இரவு எனக்கு ஃபோன் எடுத்து அழுதனீ, அதை மறைக்காதை. மெல்பேர்ண் கழகத்தோட மூண்டாம் குவாட்டர் முடிய 46 புள்ளி பின்னுக்கு. எனக்குப் பக்கத்துச் சீற்றில இருந்த குடும்பம் சாப்பாட்டுப் பெட்டியை மூடி, பிள்ளைக்கு ஜக்கெட் போட்டு எழும்பிப் போச்சு. நான் பஸ் நேரம் பார்த்துக்கொண்டிருந்தனான். பிறகு ஒரு கோல், இன்னொரு கோல், நசாயா உயர மார்க் பிடிச்சு அடிக்கப் புள்ளி சமன். சில செக்கன்தான் மிச்சம். மைய வட்டத்தில பந்து போடுறதுக்கு முன்னம் ஒவ்வொரு பக்கமும் முன்னுக்கு ஆறு, நடுவில ஆறு, பின்னுக்கு ஆறு பேர் நிக்கவேணும். அந்தப் பதட்டத்தில மெல்பேர்ண்காரர் ஆளை மாறி நிப்பாட்டிப் போட்டினம். எங்களுக்கு ஃபிரீ கிக். எங்கட ரோவன் மார்ஷல் எடுத்து நீட்டி அடிக்க, ஓடி வந்து பிடிச்சது திரும்பவும் நசாயா. சைரன் ஊதிப்போட்டுது. அவன் சொக்ஸைக் கூட இழுத்து விடேல்லை, வந்தான், அடிச்சான். ஆறு புள்ளியால வெற்றி. கடைசிக் குவாட்டரில அவ்வளவு பின்னுக்கு நிண்டு வெண்டது லீக்கின்ர வரலாற்றிலேயே இல்லை. ஜக்கெட் போட்டுப் போன குடும்பத்தை இப்பவும் நினைச்சால் எனக்குப் பாவமாக் கிடக்கு.

அதுக்குப் பிறகு சில கிழமையில அவன் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டான். அடிலெய்ட் பொடியன். அங்க இருக்கிற ரெண்டு கழகமும் கூப்பிட்டது, குடும்பம் முழுக்க அங்க. மாமன் கவின் வாங்கனீன், லீக்கின்ர ஆகச் சிறந்த ஆட்டக்காரனுக்குக் குடுக்கிற பிரவுன்லோ பதக்கம் வெண்டவர். போயிருந்தால் ஒருத்தரும் பிழை சொல்லியிருக்க மாட்டினம். வீட்டை விட்டுத் தூர நிக்கிற பிள்ளையள் எல்லாரும் ஒரே காரணத்துக்காக நிக்கிறேல்லை எண்டு எனக்குத் தெரியும். இவன் ஏன் நிண்டான் எண்டதை நான் அளந்து சொல்ல மாட்டன். காசும் ஒரு காரணம்தான், வருசத்துக்கு 2 மில்லியன் எண்டு கதை. ஆனா ஒப்பந்தம் 2027 முடிய மட்டும். அதுதான் என்ர கணக்கின்ர அடி. இந்த வருசமும் பன்னிரண்டாவதா வந்தால் அவன் அடுத்த வருசம் அடிலெய்ட்டுக்கு டிக்கெட் பார்ப்பான். டி கோனிங்குக்கு எட்டு வருசம் குடுத்ததில பாதி, நசாயாவை நிப்பாட்டுறதுக்குக் குடுத்த காசு எண்டுதான் நான் நினைக்கிறன்.

மருமகள் கேட்டவளாம், "உங்கட அம்மாவுக்கு ஏன் இந்த விசர்" எண்டு. நீ என்ன சொன்னனீயோ தெரியாது. நான் சொல்லுறதை அவளுக்கு வாசிச்சுக் காட்டு. நாங்கள் வந்த புதுசில மொறாபின் பக்கம் ஒரு பாக்டரியில எனக்கு வேலை. சாப்பாட்டு நேரம் மேசையில பேப்பர் கிடக்கும், எல்லாரும் கடைசிப் பக்கத்தில இருந்துதான் திறப்பினம். 1993 ஏப்ரலில ஒரு நாள் அதில ஒரு படம். கோலிங்வூட்டின்ர விக்டோரியா பார்க்கில ஆட்டம் முடிஞ்சு, செயின்ட்ஸின்ர பூர்வகுடி ஆட்டக்காரன் நிக்கி வின்மார் ஜெர்சியை மேல தூக்கி, தன்ர கறுத்த வயித்தை விரலால தொட்டுக் காட்டிக்கொண்டு நிக்கிறான். அண்டைக்கு முழுக்க வேலிக்கு வெளியால இருந்து அவனையும் கில்பர்ட் மக்காடமையும் நிறத்தைச் சொல்லிக் கத்தினவை. ஆனா வெண்டது செயின்ட்ஸ்தான். எனக்கு அப்ப ஆறு புள்ளிக் கோல் எது, ஒரு புள்ளி பிஹைண்ட் எது எண்டு தெரியாது. இங்கிலீசும் மட்டுமட்டு. அந்தப் படத்தை விளங்க ஒண்டும் தெரிய வேண்டியிருக்கேல்லை. பின்னேரம் வேலை முடிஞ்சு வரேக்கை சிவப்பு, வெள்ளை, கறுப்பில ஒரு ஸ்கார்ஃப் வாங்கினனான். அதைத்தான் நீ லண்டனுக்குக் கொண்டுபோனனீ.

அவளுக்கு 2010ஐயும் சொல்லு. கிராண்ட் ஃபைனல், அதுவும் கோலிங்வூட்டோட. எங்கட லென்னி ஹேய்ஸ் தூர இருந்து அடிச்ச பந்து, கோல் வாசலுக்கு முன்னால ஸ்டீவன் மில்ன் தனிய நிக்கிறான், நேரா அவன்ர கைக்கு வரவேண்டியது. நிலத்தில விழுந்து பக்கவாட்டில துள்ளி, அவனைக் கடந்து பிஹைண்டுக்குள்ள போச்சு. ஆறு புள்ளி வரவேண்டிய இடத்தில ஒண்டு. ஆட்டம் 68க்கு 68, சமன். அடுத்த சனிக்கிழமை திரும்ப விளையாடி 56 புள்ளியால தோத்தம். நீ அப்ப பள்ளிக்கூடப் பொடியன், ரெண்டு நாள் ஒருத்தரோடயும் கதைக்கேல்லை. முட்டை வடிவில பந்து செய்தவனை நான் திட்டாத வருசம் இல்லை.

பகிடி என்னெண்டால், இந்த வருசம் நடுவர்மார் பந்தை நிலத்தில அடிச்சு எழுப்புறதையே நிப்பாட்டிப் போட்டினம். இனி மேல எறிஞ்சுதான் தொடங்குவினம். அதோட, மையத்தில நிக்கிற ரக்மன்மார் கோட்டைத் தாண்டிப் போய் ஆளோட ஆள் முட்டி மல்லுக்கட்டேலாது. உடம்பால தள்ளுறவனுக்கு நட்டம், பாய்ஞ்சு எழும்புறவனுக்கு லாபம். டி கோனிங் பாய்ஞ்சு எழும்புறவன். அப்பாவின்ர "பந்தைக் கையில தட்டி விடுறதுக்கோ" எண்ட கேள்விக்கு இதுதான் பதில். தட்டின பந்து நசாயாவின்ரயும் ஃபிளாண்டர்ஸின்ரயும் கையில விழவேணும், அவ்வளவுதான்.

பயம் இல்லை எண்டு சொல்ல மாட்டன். முதல் பயம் மக்ஸ் கிங்கின்ர முழங்கால். 2022ல 52 கோல் அடிச்சவன், போன வருசம் ஒரு ஆட்டமும் இல்லை. 2032 வரைக்கும் ஒப்பந்தம் இருக்கு, முழங்கால் அதில கையெழுத்துப் போடேல்லையே. அவன் இல்லாட்டி ரையனும் டி கோனிங்கும் முன்னுக்குப் போய்ப் பாரம் சுமக்கவேணும், அப்ப மையம் பழையபடி மெலியும். ரெண்டாவது, ஜாக் ஸ்டீலை மெல்பேர்ணுக்கு விட்டது. வயசு போச்சு, வேகம் குறைஞ்சுது எண்டெல்லாம் சொல்லுகினம். தலைவனா நிண்டவனை அனுப்பினால் உடுப்பு மாத்துற அறையில ஒரு கதிரை வெறுமையாத்தான் இருக்கும். கலம் வில்கி பின்னுக்கு நிக்கிற வரைக்கும் எனக்கு ஓரளவு நித்திரை வரும். கணக்காளரா இருந்து விளையாட வந்தவன், எங்கட ஆக்களுக்கே ஏத்த பொடியன்.

பயிற்சியாளர் ரோஸ் லயனைப் பற்றி நீயும் நானும் கதைச்சால் சண்டைதான் வரும். 2009, 2010 எங்களோட, 2013 ஃபிரிமான்டிலோட, மூண்டு கிராண்ட் ஃபைனலுக்குக் கொண்டுபோய் ஒண்டும் வெல்லாதவர். பூட்டிப் பூட்டி விளையாட வைப்பார், பார்க்க அலுக்கும். ஆனா ஒரு அணியைக் கீழ விழாமல் பிடிக்கத் தெரிஞ்ச மனுசன். முன்னம் அவரிட்ட கோல் அடிக்க ஆக்கள் இல்லை எண்டு சாட்டுச் சொல்லலாம். இப்ப கேட்ட சாமான் எல்லாம் வாங்கிக் குடுத்தாச்சு. இனிச் சாட்டு இல்லை.

இப்ப கணக்குக்கு வாறன். ஃபைனல்ஸுக்கு இனிப் பத்துக் கழகம். ஏழாவதும் பத்தாவதும், எட்டாவதும் ஒன்பதாவதும் முதல் கிழமை மோதும், வெல்லுற ரெண்டும் மிச்ச ஆறோட சேரும். "தோத்தவங்களுக்குக் கதவு திறந்து விட்டிருக்கினம்" எண்டு நீ நக்கல் அடிப்பாய். அடி. போன வருசம் பத்தாவதா வந்த சிட்னிக்கு 12 வெற்றி, எங்களுக்கு 9. இடையில மூண்டே மூண்டு ஆட்டம். ஒரு நல்ல ரக்மன், ஒரு மிட்ஃபீல்டர், ஒரு முன்வரிசை ஆள், ஒரு பின்வரிசை ஆள் வந்தும் மூண்டு ஆட்டம் கூட வெல்லாட்டி, அடுத்த வருசம் நானும் அப்பாவோட கிரிக்கெட் பார்க்கிறன்.

முதல் நாலுக்குள்ள வருவம் எண்டு எனக்கு ஒரு நப்பாசையும் இல்லை. பிரிஸ்பேன் ரெண்டு வருசம் தொடர்ந்து கிண்ணம் எடுத்தது, ஜீலோங், அடிலெய்ட், கோல்ட் கோஸ்ட் எல்லாம் எங்களுக்கு மேலதான். பிரிஸ்பேன், கோல்ட் கோஸ்ட் மாதிரி வடக்குக் கழகங்களுக்குத் தங்கட அகடமியில வளர்ந்த பிள்ளையளை எடுக்க இருக்கிற வசதி எங்களுக்கு இல்லை, அதால நாங்கள் கடைக்குப் போய் வாங்கத்தான் வேணும். நான் போடுறது 13 வெற்றி, எட்டாம் இடம். கிங் முழு வருசமும் ஓடினால் ஆறாம் இடம். அவனும் இல்லை, நசாயாவுக்கும் ஏதும் எண்டால் பதினோராம் இடம்.

தொடக்கமே மார்ச் 8, ஞாயிற்றுக்கிழமை, எம்.சி.ஜி. மைதானத்தில, கோலிங்வூட்டோட. வேற ஆர்! இங்க இரவு, உனக்குக் காலமை. மருமகளையும் எழுப்பிப் பார்க்க வை.

அப்பா "14" எண்டு எழுதி ஃபிரிட்ஜில ஒட்டியிருக்கிறார், தங்கச்சி "9", நான் "8". தோக்கிற ஆள் செப்டெம்பரில மற்றவைக்குக் கொத்து றொட்டி வாங்கவேணும். உன்ர இலக்கத்தை மார்ச் 8க்கு முன்னம் அனுப்பு, முதல் ஆட்டம் முடிஞ்ச பிறகு அனுப்பினால் சேர்க்க மாட்டம்.

அன்புடன்,
அம்மா