வெள்ளை வைன்: மணம் வேறு, இனிப்பு வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் வெளிவந்த வெள்ளை வைன் பற்றிய கட்டுரையில் ‘ட்ரை’ என்பதற்கு ‘உலர்ந்த’ என்று எழுதப்பட்டிருந்தது. ‘இனிப்பற்ற’ என்பதே அதன் பொருள். திராட்சைச் சாற்றிலுள்ள சீனி அநேகமாக முழுவதையும் மதுவம் மதுசாரமாக மாற்றிவிட்டால் வைன் இனிப்பற்றதாகிறது. நொதித்தலை இடையில் நிறுத்தினால் சீனி மிஞ்சுகிறது.

பழவாசனை வீசும் வைன் யாவும் இனிப்பானவை என்ற கூற்றுத்தான் எனக்குக் கூடுதல் வருத்தம் தந்தது. சென்ற மாதம் கொழும்பு ஹோட்டல் ஒன்றில் இனிப்பான வைன் கேட்ட என் அக்காவுக்கு கெவூர்ஸ்ட்ராமினர் என்ற திராட்சையில் செய்த வெள்ளை வைனைக் கொண்டுவந்து ஊற்றினார்கள். லைச்சிப் பழமும் ரோஜாவும் கலந்த அந்த மணத்தில் முகம் மலர்ந்தவர், ஒரு மிடறு குடித்ததும் இனிப்பில்லையே என்று கிளாஸைத் தள்ளிவைத்துவிட்டார். அந்தத் திராட்சைக்கு இயல்பிலேயே அந்த மணம் உண்டு. சீனி துளியும் மிஞ்சாவிட்டாலும் அது மணக்கும்.

இதற்கு நேர்மாறானது ரீஸ்லிங் என்ற திராட்சையின் வைன். தேசிக்காய்த் தண்ணீரில் நான்கு கரண்டி சீனி போட்டாலும் புளிப்பு அதை அடக்கிவைப்பதைப் போல, ஜெர்மனியின் மோசெல் பள்ளத்தாக்குச் சரிவுகளில் விளையும் ரீஸ்லிங்கில் சீனி இருந்தும் நாக்குக்கு அவ்வளவாகத் தெரிவதில்லை. ஐரோப்பிய ஒன்றிய விதிகள் பொதுவாக லீற்றருக்கு 4 கிராம் வரை சீனியுள்ளதையே ட்ரை என்று கொண்டாலும், புளிப்பு போதிய அளவு இருந்தால் 9 கிராம் வரை இடமளிப்பது இதனால்தான். ஜெர்மன் வைன் போத்தலில் ‘ஸ்பேட்லேஸெ’ என்றிருந்தால் அது அறுவடையின்போதிருந்த பழத்தின் முதிர்ச்சியைக் குறிக்கிறதே தவிர, இனிப்பை அல்ல. இனிப்பற்றதை விரும்புவோர் ட்ரை என்பதற்கான ‘ட்ரோக்கன்’ என்ற ஜெர்மன் சொல்லைத் தேட வேண்டும். அதுவும் இல்லையென்றால் மதுசார வீதத்தைப் பாருங்கள்: 8 வீதமளவிலுள்ள ஜெர்மன் ரீஸ்லிங்கில் அநேகமாக இனிப்பு மிஞ்சியிருக்கும்.

இனிப்பான வைன், வைன் குடித்துப் பழகாதவர்களுக்கே உரியது என்ற கருத்தையும் நான் ஏற்கவில்லை. யாழ்ப்பாணத் தூளும் பழப்புளியும் சேர்த்து, தேங்காய்ப்பால் விட்டு வைத்த நண்டுக்குழம்புடன் ஓக் பீப்பாயில் வைத்திருந்த ஷார்டனே என்ற இனிப்பற்ற வெள்ளை வைனைக் குடித்துப் பார்த்திருக்கிறேன். உறைப்பு இரட்டித்ததுதான் மிச்சம். சற்றே இனிப்பான ரீஸ்லிங்கோ உறைப்பைத் தணித்து, அடுத்த கவளத்துக்கு நாக்கைத் தயார்செய்தது. அதற்கு அடுத்தபடியாக எனக்குப் பிடித்தது பிரான்சின் வூவ்ரே பகுதிச் செனின் பிளாங்க். அந்த ஒரே திராட்சையிலிருந்து துளி இனிப்பில்லாதது முதல் தேனை ஒத்தது வரை தயாரிக்கிறார்கள்.

ஆகவே, நமது உணவகங்கள் தங்கள் பட்டியலில் திராட்சையின் பெயரோடு நின்றுவிடாமல், ஒவ்வொரு போத்தலின் இனிப்பு நிலையையும் குறிப்பிட வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.