தாத்தா சொன்னது கதையல்ல

ஆசிரியருக்கு வணக்கம்.

இரண்டாம் உலகப் போரில் பர்மா வீழ்ந்தது குறித்துத் தங்கள் இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். படைகள் பின்வாங்கியது விரிவாக இருக்கிறது. அந்தப் படைகளுக்கு முன்னும் பின்னும் குழந்தை குட்டிகளோடு நடந்தே இந்தியா வந்து சேர்ந்த லட்சக்கணக்கானவர்களைப் பற்றி ஒரே ஒரு வரி. அவர்களில் ஒருவர் என் தாத்தா.

ரங்கூன் முகல் தெருவில் வட்டித்தொழில் நடக்கும் ஒரு செட்டியார் கிட்டங்கியில் பெட்டியடிப் பையனாக, அதாவது எடுபிடி வேலை செய்யும் பையனாக, இருந்தார். 1941 டிசம்பர் 23-ல் நகரத்தின் மேல் குண்டு விழுந்தது. பிப்ரவரி வரை தாக்குப்பிடித்துவிட்டு, மார்ச் 8-ல் ரங்கூன் ஜப்பானியர் கைக்குப் போவதற்குள் வடக்கே கிளம்பிவிட்டார். பர்மாவின் சிண்ட்வின் ஆற்றில் படகு, கலேவாவிலிருந்து தமு வழியாக மலைக்காட்டில் நடை, இம்பால், பிறகு திமாப்பூரில் ரயில். வழியெல்லாம் காலரா. வெள்ளையருக்கு நல்ல பாதையையும் நம்மவர்களுக்குக் கரடுமுரடான பாதையையும் ஒதுக்கினார்கள் என்று காங்கிரஸ் தலைவர்கள் அன்றே குற்றம் சாட்டினார்கள். தாத்தா அரசியல் எதுவும் பேசமாட்டார். ஆனால் கொதிக்க வைக்காத தண்ணீரைச் சாகும்வரை தொட்டதில்லை. கல்யாண வீடானாலும் தன் பித்தளைச் செம்போடுதான் போவார். காட்டைக் கடந்தபோது கையில் மிஞ்சிய ஒரே பொருள் அதுதான்; ஒரு பக்கம் நசுங்கியிருக்கும்.

நான் எழுத வந்தது வேறொன்று. ஏப்ரல் கடைசியில் சென்னை சென்ட்ரலில் இறங்கியபோது ஊரே காலியாகக் கிடந்தது என்பார். பக்கத்திலிருந்த உயிர் காலேஜில் (மிருகக்காட்சி சாலையை அப்போது அப்படித்தான் சொல்வார்கள்) சிங்கம், புலியை எல்லாம் சுட்டுக் கொன்றுவிட்டார்கள் என்பார். பேரப்பிள்ளைகள் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். பிழைத்து வந்தவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார் என்று பெரியவர்களும் நினைத்தார்கள். அவர் கோபித்துக்கொண்டதில்லை; பேச்சை நிறுத்திவிடுவார்.

அவர் காலமாகிப் பல ஆண்டுகள் கழித்துத்தான் அந்த நாட்களின் வரலாற்றைப் படித்தேன். 1942 ஏப்ரல் 6-ல் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அடுத்தது சென்னைதான் என்று நகரத்தை விட்டு மக்கள் வெளியேறினார்கள். அரசு அலுவலகங்களும் வெளியூர்களுக்கு மாறின. கூண்டு உடைந்தால் தப்பி ஓடிவிடும் என்று மிருகங்களைச் சுட்டதும் உண்மை. ஒரு வார்த்தைகூட அவர் கூட்டிச் சொல்லவில்லை. புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். மேற்கொண்டு என்னென்ன சொல்ல வைத்திருந்தாரோ, எங்கள் சிரிப்பில் போய்விட்டது.

சிவகங்கை, ராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கம் பர்மாவுக்கு ஆள் போகாத ஊர் அபூர்வம். அந்த நடையைச் சிறு பிள்ளைகளாக நடந்தவர்கள் இன்று தொண்ணூறை நெருங்குகிறார்கள். அவர்கள் சொல்வதை வாசகர்கள் எழுதி அனுப்பினால், வாரம் அரைப் பக்கமாவது தாங்கள் ஒதுக்க வேண்டும்.

எங்கள் தெருவிலேயே, ஐந்து வயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து அந்தக் காட்டைக் கடந்த ஆச்சி ஒருவர் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். நோட்டு வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், தேவகோட்டை